முதல் பிரசவம்: வீட்டிலா? ஆஸ்பத்திரியிலா?

ஒடிசா மாநிலத்தில் கோராபுட் மாவட்டம். அங்கே மலைமேல் ஒரு சின்ன ஊர். நாற்பது வீடுகள் இருக்கும். கேழ்வரகு விளைகிற பூமி. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். நடுவில் ஒரு ஓடை இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு வீடு. அந்த வீட்டு மருமகளுக்கு வயது இருபத்தொன்று. ஏழு மாதக் கர்ப்பம். இதுதான் முதல் பிள்ளை.

பிரசவம் எங்கே? இதுதான் வீட்டில் பேச்சு.

"நான் ஐந்து பெற்றேன். ஐந்தும் இந்தத் திண்ணை அறையில்தான். ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. இப்போது மட்டும் ஆஸ்பத்திரி எதற்கு?" என்றார் மாமியார்.

மகன் பேசவில்லை. அவன் மனம் கணக்குப் போட்டது. போகவர வண்டி. நாலு நாள் கூலி போகும். செலவுக்கு யாரிடம் கேட்பது?

ஊர் ஆஷா பணியாளர் வந்தார். "முதல் பிரசவம் அம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்" என்றார்.

மருமகளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் பயம். பக்கத்து வீட்டுப் பெண் போன வருடம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வலியில் கத்தினாள் என்று அங்கே ஒருத்தி ஏசினாளாம். வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்றும் ஊரில் பேச்சு. அதனால் ஆஸ்பத்திரி என்றால் பயம். வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்? அதுவும் பயம்.

இந்தப் பயங்களில் எது சரி, எது தவறு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாமியார் சொல்வதில் பொய் இல்லை. அவர் காலத்தில் வீட்டுப் பிரசவம்தான் வழக்கம். 1992-93இல் இந்தியா முழுவதும் ஒரு கணக்கெடுத்தார்கள். அப்போது நூறு பிரசவங்களில் 26தான் ஆஸ்பத்திரியில் நடந்தன. மற்றவை வீட்டில். 2019-21இல் மறுபடி எடுத்த கணக்கு என்ன? நூற்றுக்கு 89 ஆஸ்பத்திரியில் நடந்தன.

தாய்மார் சாவும் குறைந்தது. 2001-03இல் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 301 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் அது 97 ஆனது. ஆஸ்பத்திரி மட்டும் இதற்குக் காரணம் அல்ல. கல்யாண வயது கூடியது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தது. ரோடும் வண்டியும் வந்தன. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, முதல் பிரசவத்தில் என்ன விசேஷம்?

இரண்டு பெற்றவளுக்கு அவள் உடம்பு தெரியும். முன்பு எப்படி வலி வந்தது, எவ்வளவு நேரம் ஆனது, இரத்தம் எவ்வளவு போனது என்று சொல்லுவாள். முதல் பிள்ளைக்காரிக்கு அந்தக் கணக்கு இல்லை. வழி புதிது. தலை இறங்க நேரமாகும். பன்னிரண்டு மணி நேரம் வலி இருப்பது சாதாரணம். அதற்கு மேலும் போகலாம். இரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வருவதும் முதல் கர்ப்பத்தில்தான் அதிகம். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்கள். அது பேய் அல்ல, காற்றுக் கருப்பு அல்ல. இரத்தக்கொதிப்பு. ஊசி போட்டு அடக்கலாம்.

இங்கிலாந்தில் இதைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2011இல் முடிவு வந்தது. 64,000க்கும் அதிகமான பிரசவங்களைப் பார்த்தார்கள். எல்லாமே சிக்கல் இல்லாத கர்ப்பங்கள். அந்த நாட்டில் வீட்டுப் பிரசவம் என்றால் படித்த மருத்துவச்சி வீட்டுக்கே வருவார். கையில் மருந்து இருக்கும். கூப்பிட்டால் வண்டி வரும். அப்படி இருந்தும் முடிவு என்ன? இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு வீடும் ஆஸ்பத்திரியும் ஒன்றாகவே இருந்தன. முதல் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஆயிரம் பிரசவத்தில் குழந்தைக்குப் பெரிய ஆபத்து வந்தது ஆஸ்பத்திரியில் 5 பேருக்கு. வீட்டில் 9 பேருக்கு. வீட்டிலேயே பெறலாம் என்று இருந்த முதல் பிள்ளைக்காரிகளில் நூற்றுக்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது.

அங்கே மாற்ற வண்டி வந்தது. மலைமேல் இருக்கிற நாற்பது வீட்டு ஊரில்?

இனி இரத்தப்போக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் பிரசவத்தில் அதிக உயிர்களை வாங்குவது இதுதான்.

குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி விழுகிறது. அது ஒட்டியிருந்த இடம் புண் மாதிரி இருக்கும். அங்கே இரத்தக் குழாய்கள் திறந்திருக்கும். கர்ப்பப்பை கை முஷ்டி மாதிரி இறுக வேண்டும். இறுகினால் குழாய்கள் மூடிக்கொள்ளும். இரத்தம் நிற்கும். சில பெண்களுக்கு அது இறுகுவதில்லை. தளர்ந்து கிடக்கும். குழாயைத் திறந்துவிட்டது போல இரத்தம் போகும். யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல திடமான பெண்ணுக்கும் ஆகும்.

ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஒரு ஊசி போடுகிறார்கள். ஆக்சிடோசின் என்று பெயர். கர்ப்பப்பையை இறுக வைக்கிற மருந்து அது. இது போட்டால் இரத்தப்போக்கு பெருமளவு குறையும். அப்படியும் நிற்காவிட்டால் வேறு மருந்து உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றலாம்.

வீட்டில்? இரத்தம் கட்டுக்கடங்காமல் போனால் சுமார் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். இப்போது கணக்குப் பாருங்கள். கட்டிலில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர ஒரு மணி நேரம். வண்டிக்குக் காத்திருப்பது அரை மணி. வண்டியில் ஒரு மணி. ஆக இரண்டரை மணி. இரவு என்றால்? ஓடையில் தண்ணீர் வந்தால்?

இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கிடையாது. அவள் உடம்பில் இழப்பதற்கு இரத்தம் இல்லை.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்க்கிறார். 2016இல் தொடங்கிய திட்டம் இது. ஆஷா மருமகளை அங்கே அழைத்துப் போனார். இரத்தம் பார்த்தார்கள். 11 இருக்க வேண்டும். அவளுக்கு எட்டரை. நர்சம்மா கேட்டார், "இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோமே, சாப்பிட்டாயா?" அவள் தலை குனிந்தாள். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிட்டாள். கறுப்பாகப் போவது மாத்திரையின் குணம். அதனால் கெடுதல் இல்லை. இதை யாரும் அவளுக்கு முன்பே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது குழந்தை. பிறந்ததும் பெரும்பாலான குழந்தைகள் தானே அழும். சில குழந்தைகள் அழாது. மூச்சு வராது. உலர்ந்த துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்தால் பல குழந்தைகளுக்கு மூச்சு வந்துவிடும். அதிலும் வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்துப் பையால் காற்று கொடுக்க வேண்டும். அந்தப் பை வீட்டில் இருக்காது. பழகிய கையும் இருக்காது.

அன்று இரவு மருமகள் அடுப்படியில் மெல்லக் கேட்டாள். "அத்தை, ஐந்து பெற்றேன் என்றீர்களே. இங்கே மூன்று பேர்தானே இருக்கிறார்கள்?"

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "மூத்தது அழவே இல்லை. நாலாவது எட்டாம் நாள் போயிற்று. வாய் இறுகி, பால் குடிக்காமல் போயிற்று."

எட்டாம் நாள் போனது இரணஜன்னியாக இருக்கலாம். சுத்தமில்லாத அரிவாளால் கொடி அறுப்பது, சாணி வைப்பது, இவற்றால் அது வரும். தாய்க்குத் தடுப்பூசி போட்டால் வராது. அழாமல் போன மூத்ததுதான் அவருக்கும் முதல் பிரசவம்.

ஆஸ்பத்திரி மேல் உள்ள பயத்தையும் பார்க்க வேண்டும். அதை அலட்சியம் செய்வது நியாயம் இல்லை.

வயிற்றைக் கிழிப்பார்கள் என்ற பேச்சு முழுப் பொய் அல்ல. 2019-21 கணக்கின்படி தனியார் ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 47 பிரசவம் ஆபரேஷன். அது மிக அதிகம். அரசு ஆஸ்பத்திரியில் நூற்றுக்கு 14. அதாவது அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற நூறு பேரில் 86 பேர் சுகமாகவே பெறுகிறார்கள். ஆபரேஷன் என்றால் ஏன் என்று கேட்கலாம். கேட்பது உரிமை.

ஏசுவது தவறு. அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. பிரசவ அறையில் துணைக்கு உறவுப் பெண் ஒருவர் இருக்கலாம் என்று 2016இல் மத்திய அரசு அனுமதித்தது. துணை இருந்தால் பயம் குறையும். ஏச்சும் குறையும்.

ஆனால் ஆஸ்பத்திரி என்று பலகை இருந்தால் மட்டும் போதாது. முன்பே போய்க் கேளுங்கள். ராத்திரியில் நர்ஸ் இருப்பாரா? ஆபரேஷன் வேண்டுமானால் எங்கே அனுப்புவார்கள்? அங்கே இரத்தம் கிடைக்குமா? இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு, இரட்டைப் பிள்ளை, குழந்தை குறுக்கே கிடப்பது என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது.

செலவு விஷயம் சுருக்கமாக. 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம். ஆபரேஷனும் இலவசம். மருந்து, இரத்தம், சாப்பாடு, போகவர வண்டி, எல்லாம் அதில் அடங்கும். பிள்ளையைக் காட்ட யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா திட்டத்தில் தாய்க்குப் பணமும் உண்டு. ஒடிசா போன்ற மாநிலங்களில் கிராமத்துத் தாய்க்கு 1,400 ரூபாய். பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் கணக்கை முன்பே தொடங்க வேண்டும்.

மகன் கேட்டான். "எல்லாம் சரி. வலி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வலி வந்த பிறகு இவளை எப்படி ரோட்டுக்குக் கொண்டு போவது?"

சரியான கேள்வி. ஆந்திரத்து மலை ஊர்களிலும் இதே கஷ்டம்தான். அங்கே டோலி கட்டித் தூக்கி வருகிறார்கள். வழியிலேயே பிள்ளை பிறந்த கதைகள் உண்டு. இதற்காகத்தான் ஒடிசாவில் தூரத்து ஊர்ப் பெண்களுக்கு 'மா க்ருஹ' என்ற வீடுகளை ஏற்படுத்தினார்கள். தாய் வீடு என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும். நாள் நெருங்கும்போதே போய்த் தங்கலாம். சாப்பாடு கிடைக்கும். துணைக்கு ஒருவர் இருக்கலாம். வலி வந்தால் ஆஸ்பத்திரி எட்டிப் போகிற தூரம். இப்படி இடம் இல்லாத ஊரில் ரோட்டோரம் உறவினர் வீட்டில் தங்கலாம்.

நாள் வரும் முன்பே ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. கடும் தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், வலிப்பு, கொஞ்சமானாலும் இரத்தம் படுதல், பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல். இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. 108 அல்லது 102க்குப் போன் செய்ய வேண்டும்.

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில பிள்ளைகள் அவசரப்பட்டு வந்துவிடும். அப்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான துணி விரியுங்கள். கொடியை அறுக்கப் புது பிளேடு, கட்டப் புது நூல். தொப்புளில் எதுவும் வைக்காதீர்கள். நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். துடைத்த குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுப் போர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். வலியைக் கூட்ட ஊசி போடுகிறேன் என்று யார் வந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதனால் கர்ப்பப்பை கிழிந்து போகலாம். பிறகு வண்டி வந்ததும் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மறுநாள் காலையில் மாமியார் பெட்டியைத் திறந்தார். பழைய பருத்திச் சேலைகள் இரண்டை எடுத்தார். வெந்நீரில் துவைத்து வெயிலில் போட்டார்.

"உங்கள் ஆஸ்பத்திரியில் துணைக்கு ஒரு ஆள் விடுவார்களாமே?" என்று ஆஷாவிடம் கேட்டார். "நான்தான் வருவேன். என் மருமகளை யார் ஏசுகிறார்கள் என்று பார்க்கிறேன்."

மருமகள் சிரித்துவிட்டாள். அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாமியாரே இரும்புச் சத்து மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார். முருங்கைக் கீரையும் அடிக்கடி சமைக்கிறார்கள். மகன் ஊரில் நாலு பேரிடம் பேசி வைத்திருக்கிறான். வேண்டியிருந்தால் ரோடு வரை கட்டில் தூக்க அவர்கள் வருவார்கள். நாள் குறித்ததற்குப் பத்து நாள் முன்பே 'மா க்ருஹ' வீட்டுக்குக் கிளம்புவது என்று பேச்சு.

அத்தனை நாள் ஆடுகளை யார் மேய்ப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.