செப்பு ஒட்சைட்டுப் பளிங்குகளில் வெப்பக் கடத்தல்

1986ஆம் ஆண்டிற் பெட்னோர்ட்ஸ், முல்லர் ஆகிய இருவரும் செப்பு ஒட்சைட்டொன்றில் ஏறத்தாழ 30 கெல்வினில் மீகடத்துதிறனைக் கண்டறிந்தனர். இத்தகைய பளிங்குகளின் உள்ளியல்பை அறிய மின் அளவீடு மட்டும் போதாது. மீகடத்து நிலையில் மின்தடை பூச்சியமாகிவிடுவதால், சோடி சேராத இலத்திரன்களைப் பற்றி அது எதனையும் உணர்த்துவதில்லை. சோடி சேர்ந்தவையோ வெப்பத்தைச் சுமப்பதில்லை. எனவே, எஞ்சியவற்றுக்கு வெப்பமே சாட்சியாகின்றது.

தனிப்பூச்சியத்தை அணுகுகையில், சாலக அதிர்வுகளின் வெப்பக் கடத்தாறு வெப்பநிலையின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கிற்கும், இலத்திரன்களின் வெப்பக் கடத்தாறு முதலாம் அடுக்கிற்கும் விகிதசமமாகும். இவ்வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிகின்றோம். வழமையான மீகடத்திகளில் இலத்திரன்களின் பங்கு மறைந்துவிடும். 1997இல் இற்றியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டில் அது மறையவில்லை; நாகத்தை மாசாகச் சேர்த்தபோதும் பெரிதும் மாறவில்லை. சில திசைகளிற் சோடியைப் பிரிக்கச் சத்தி தேவையில்லை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

எனினும், சாட்சியையும் நாம் விசாரித்தல் வேண்டும். 2001இல், காந்தப்புலத்தால் மீகடத்து நிலை நீக்கப்பட்ட பிறிதொரு செப்பு ஒட்சைட்டில், 0.3 கெல்வினுக்குக் கீழ் வெப்பக் கடத்தாறு, 1853ஆம் ஆண்டின் வீடெமன்-பிரான்சு விதி கூறுவதினும் மிகக் குன்றுவதாக அறிவிக்கப்பட்டது. உலோகம் பற்றிய அடிப்படைக் கொள்கையே ஐயத்துக்குள்ளானது. 2005இல் அவ்வாய்வில் ஈடுபட்ட ஒருவரை உள்ளடக்கிய குழுவினரே அவ்வீழ்ச்சிக்கு வேறு காரணம் காட்டினர்: அதிர்வுகள் கொணரும் வெப்பம் அத்தாழ்நிலையில் இலத்திரன்களைச் சென்றடைவதில்லை. பளிங்கின் இயல்பெனக் கொண்டது, வெப்பம் புகுந்த வழியின் விளைவே. தம் முடிவைத் தாமே திருத்திய இந்நேர்மையை அளவீட்டின் ஓர் அங்கமாகவே நாம் கருதுகின்றோம்.