சிகரெட்டுக்கு மாற்றாக வேப்: எதை வாங்குவது?

இங்கிலாந்தில் சிகரெட்டை விட உதவி கேட்டுப் போகிறவருக்கு நிகோட்டின் பட்டை, சூயிங்கத்தோடு வேப் எனப்படும் மின்சிகரெட்டும் கிடைக்கக்கூடும். பத்து லட்சம் பேருக்கு அதை இலவசமாகக் கொடுக்கப்போவதாக அந்நாட்டு அரசு 2023 ஏப்ரலில் அறிவித்தது. இந்தியாவிலோ 2019இல் வந்த சட்டப்படி அதைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். சிங்கப்பூரில் சட்டைப்பையில் வைத்திருந்தாலே அபராதம். ஆகவே இங்கே சொல்லப்போவது, வேப் சட்டப்படி கிடைக்கும் பிரிட்டன் போன்ற நாட்டில் வாழும், ஏற்கெனவே சிகரெட் பிடிக்கிற ஒருவருக்கு மட்டும். பிடிக்காதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சிகரெட்டில் ஆளைப் பிடித்து வைப்பது நிகோட்டின். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகையிலை எரிவதால் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976லேயே இதை எடுத்துச் சொன்னார். எதையும் எரிக்காமல் சிகரெட் போல இழுக்க முடியுமா என்ற யோசனை அதற்கும் முந்தியது. அமெரிக்கரான ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் புகையில்லாச் சிகரெட் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டார். அது கடைக்கு வரவே இல்லை. 2003இல் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் உருவாக்கியதிலிருந்துதான் இன்றைய வேப் தொடங்குகிறது. அவரே பெரிய புகைப்பாளி. புகைப்பாளியான தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

கருவிக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு லித்தியம் பேட்டரி, காயில் எனப்படும் சுருள் கம்பி, அதைத் தொட்டபடி பஞ்சு, பஞ்சு மூழ்கி நிற்கும் திரவம். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் பஞ்சு திரவத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கிறது. வாயில் வைத்து இழுத்ததும் காயில் சூடேறித் திரவம் ஆவியாகிறது. புரொப்பலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைப் பொருள், அவ்வளவுதான் திரவம். சிகரெட்டை இழுக்கும்போது அதன் முனை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸைத் தொடும். காயில் ஒழுங்காக வேலை செய்தால் 200 முதல் 250 டிகிரிதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இந்த வெப்பத்தில்தான் இருக்கிறது.

கடைக்குப் போனால் கையளவு பெட்டியிலிருந்து பேனா போன்றது வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நிறத்தையும் திரையையும் விட்டுவிட்டுக் காயிலின் மின்தடையைக் காட்டும் ஓம் எண்ணைப் பாருங்கள். பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட் என்று வையுங்கள். அதை நேராக 1 ஓம் காயிலுக்குக் கொடுத்தால் சுமார் 14 வாட், 0.3 ஓம் காயிலுக்குக் கொடுத்தால் 45 வாட்டைத் தாண்டும். வாட் கூடக் கூட ஆவியும் கூடும். முதல் வகையில் இழுப்பு இறுக்கமாக இருக்கும். புகையை வாயில் வாங்கிப் பிறகு உள்ளே இறக்கும் அதே பழக்கம், சிகரெட் தம் மாதிரியே. இரண்டாம் வகை மூச்சு விடுவதுபோல நேராக நுரையீரலுக்கு இழுப்பது. அறை முழுக்க வெண்மேகம். அது பொழுதுபோக்காக வேப் பிடிப்பவர்களின் விளையாட்டு. சிகரெட்டை விட வந்தவருக்கு 1 ஓமை ஒட்டிய, 'பாட்' எனப்படும் சின்னக் கூட்டில் திரவம் நிரப்பிக்கொள்ளும் சிறிய கருவியே போதும். ஒருமுறை பிடித்து வீசும் வகை பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் தடை. பாதி உயிருள்ள லித்தியம் பேட்டரியைக் குப்பையில் எறிவதைச் சட்டம் நிறுத்தியது நல்லதுதான்.

ஆனால் கருவியைவிட நிகோட்டின் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'விடத்தானே போகிறோம், குறைவாகவே ஆரம்பிப்போம்' என்று மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள புட்டியை வாங்கிச் சின்ன பாட் கருவியில் ஊற்றுவார்கள். மாலைக்குள் கை சிகரெட்டைத் தேடும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது 1 முதல் 2 மில்லிகிராம் நிகோட்டின். அதுவும் நொடிகளில் மூளைக்குப் போகிறது. குறைந்த வாட் கருவி கொடுப்பது கொஞ்சம் ஆவி. அந்தக் கொஞ்சத்தில் போதிய நிகோட்டின் இருந்தாக வேண்டும். பழக்கத்தின் பிடியை அளக்க மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது. அரை மணி நேரத்துக்குள் என்றால் பிடி இறுக்கம். அப்படிப்பட்டவர் பிரிட்டிஷ் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 20 மில்லிகிராமில் தொடங்கத் தயங்கத் தேவையில்லை.

அந்த அளவில் சாதாரண நிகோட்டின் தொண்டையைக் கமறச் செய்யும். அதற்கு வழி நிகோட்டின் உப்பு. பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிகோட்டினின் காரத்தன்மையைக் குறைப்பதால் இழுப்பு மென்மையாகிறது. கமறல் இல்லாவிட்டால் சிகரெட் பிடித்த திருப்தியே வராது என்பவரும் உண்டு. அவர் சாதாரண வகையில் கொஞ்சம் குறைந்த அளவை வாங்கலாம். ஒன்று மட்டும் கவனம்: 20 மில்லிகிராம் உப்புத் திரவத்தை 45 வாட் கருவியில் ஊற்றினால் தலை சுற்றும், குமட்டும்.

புதுக் காயிலைப் போட்டுத் திரவம் ஊற்றியதும் இழுத்துவிடாதீர்கள். பஞ்சு நனைய ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். காய்ந்த பஞ்சு கருகினால் வாயில் ஒரு கசப்பு வரும்; அந்த ஆவியில் ஃபார்மால்டிஹைடு போன்றவை சேர்ந்திருக்கும். கசந்தால் காயிலை மாற்றுங்கள். திரவப் புட்டி குழந்தை கைக்கு எட்டக் கூடாது, குடித்தால் விஷம்.

இதெல்லாம் பலிக்கிறதா? லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் 886 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஓராண்டு கழித்து வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பட்டை, சூயிங்கம் வகையில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரட்டிப்பு என்று வேப் கடைக்காரர் சொல்வார். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தோற்றார்கள் என்பதையும், வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடவில்லை என்பதையும் அவர் சொல்லமாட்டார். கடையில் விற்கும் வேப்பால் நாட்டில் புகைப்பவர் குறைவார்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் இன்னும் ஏற்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வேப் பழக்கத்தில் சிக்குவது அதன் பெரிய கவலை, நியாயமான கவலை.

சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்பதில் பிரிட்டிஷ் மருத்துவ அமைப்புகள் உறுதியாக இருக்கின்றன. தீங்கே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. இன்னொரு பொறி, வேப்பும் சிகரெட்டுமாக இரண்டையும் வைத்துக்கொள்வது. 20லிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டேன் என்று மகிழ்வதில் அதிகப் பயனில்லை. நாளுக்கு ஒரே சிகரெட் பிடிப்பவருக்கும் மாரடைப்பு போன்ற இதய நோயின் கூடுதல் ஆபத்து 20 பிடிப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு காட்டியது. வேப் வாங்கினால் சிகரெட் பாக்கெட் வீட்டை விட்டுப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர் கள்ளச்சந்தையில் வரும், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத வேப்பைத் தேட வேண்டாம். நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதிலும் அளவு போதாமல்தான் பலர் தோற்கிறார்கள் என்பதால் மருத்துவரைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் கட்டணமில்லா எண் 1800-11-2356.