வெள்ளை அணுக்களை ஏய்க்கும் தொண்டைக் கிருமி

குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலி பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். ஆனால், 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' பாக்டீரியாவால் வந்த வலியைக் கவனிக்காமல் விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கும். இதய வால்வுகளும் பழுதடையலாம். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இந்தக் கிருமி நம் உடலின் காவலை எப்படி மீறுகிறது என்பதை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் அமெரிக்க விஞ்ஞானி ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டு (1895–1981).

1918-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். டெக்சாஸ் ராணுவ முகாம்களில் இருந்து வந்த கிருமிகளை அங்கிருந்த ஆய்வாளர் ஆஸ்வால்டு ஏவரியின் குழுவினருடன் ஆராய்ந்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவற்றில் பல வகைகள் இருப்பது தெரிந்தது.

வகை பிரிக்க, கிருமியை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பார். அதை, குறிப்பிட்ட வகைக்கு எதிர்ப்பொருள் உருவான முயலின் சீரத்துடன் கண்ணாடிக் குழாயில் சேர்ப்பார். வகை பொருந்தினால், தெளிந்த திரவம் வெண்மையாகக் கலங்கும். இந்தச் சோதனைகளில் பிடிபட்டதுதான், வகைக்கு வகை மாறுபடும் 'எம் புரதம்'. 1928-ல் அதைப் பற்றி எழுதினார்.

கிருமியின் மேற்பரப்பில் ரோமம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இப்புரதம், நம் ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜென் போன்ற புரதங்களையே இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. அதனால் வெள்ளை அணுக்களால் கிருமியை எளிதில் விழுங்க முடிவதில்லை. எம் புரதம் இல்லாத கிருமியோ ரத்தத்தில் தாக்குப்பிடிப்பதில்லை.

ஒரு வகைக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் நீடிப்பதையும் லான்ஸ்ஃபீல்டு காட்டினார். ஆனால், அது பெரும்பாலும் அந்த வகையை மட்டுமே தடுக்கும். இன்று 200-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வருவதற்கு இது முக்கியக் காரணம். மேலும், எம் புரதத்தின் சில பகுதிகள் இதயத் தசைப் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் இதயத்தையே தாக்கிவிடலாம். தடுப்பூசி இன்னும் கைகூடாததற்கு இவ்விரண்டும் பெரிய தடைகள்.

1933-ல் அவர் வகுத்த ஏ, பி என்ற குரூப் முறையைத்தான் மருத்துவமனை ஆய்வகங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. 1961-ல் அமெரிக்க நோயெதிர்ப்பியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். 1980 வரை ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார்.

இந்தியாவில் ருமாட்டிக் இதய நோய் இன்றும் ஏழைக் குழந்தைகளை வாட்டுகிறது. இத்தனை தந்திரம் தெரிந்த இந்தக் கிருமிக்குப் பென்சிலினை வெல்ல மட்டும் இன்னும் தெரியவில்லை. காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் குழந்தையை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால், சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள்.