பழைய திருப்புளியும் பழுதுபார்க்கும் உரிமையும்

புதுதில்லி: தலைநகரின் தென்பகுதியில், அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்திற்கு அருகே அமைந்துள்ள கிட்வாய் நகர், மத்திய அரசு ஊழியர்களுக்கென உருவாக்கப்பட்ட குடியிருப்புகளுள் ஒன்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தகவல்தொடர்பு அமைச்சராகவும், பின்னர் உணவு மற்றும் வேளாண் அமைச்சராகவும் பணியாற்றி, 1954இல் மறைந்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது இப்பகுதி. கிழக்குக் கிட்வாய் நகரில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 86 ஏக்கர் பரப்பில் 4,608 புதிய வீடுகளும் வணிக வளாகங்களும் பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யால் எழுப்பப்பட்டுள்ளன.

பழைய அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்க இயலாதது. மழைக்காலத்தில் கதவு ஊதி, சட்டத்தில் முட்டும். கீல் தளரும். தாழ்ப்பாள் பொருந்தாது. உடனே மத்தியப் பொதுப்பணித் துறையின் 'என்கொயரி' அலுவலகத்திற்குச் சென்று புகார்ப் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள். சில நாட்களில் தச்சர் துணிப்பையுடன் வந்து சேருவார். உளி, ரம்பம், சுத்தியல், பேச்கஸ் என்று இங்கே அழைக்கப்படும் திருப்புளி ஆகியவை அப்பையில் இருக்கும். இன்று அதே வேலைக்கு வருபவரின் கையில் இருப்பது மின்கலத்தால் இயங்கும் துளையிடும் கருவி.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு கருவி உண்டு. சாதாரணத் திருப்புளியைவிட வேகமானது. மின்சாரமோ மின்கலமோ தேவைப்படாதது. சுருள் ராட்செட் திருப்புளி என்பது அதன் பெயர். 'யாங்கி' என்ற வணிகப் பெயராலேயே அது உலகெங்கும் அறியப்பட்டது. இன்று அதைப் பழைய பொருட்களின் குவியலில்தான் தேட வேண்டும். எனினும், பழுதுபார்க்கும் உரிமை பற்றித் தலைநகரில் விவாதம் நடந்துவரும் இக்காலத்தில், அக்கருவி சொல்லும் செய்தி கவனிக்கத்தக்கது.

அமுக்கினால் சுழலும்

நம் ஊர்த் தச்சர்களின் துரப்பணத்தைக் கண்டவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். வில்லையோ கயிற்றையோ முன்னும் பின்னும் இழுத்தால் துரப்பணம் சுழலும். நேர்க்கோட்டு அசைவு சுழற்சியாக மாறுகிறது. சுருள் திருப்புளியில் இழுப்பதற்குப் பதிலாக அமுக்குகிறோம். அதன் எஃகுத் தண்டில் வலப்புறமாக ஒன்றும் இடப்புறமாக ஒன்றுமாக இரு சுருள் பள்ளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. கைப்பிடியை அமுக்கும்போது உள்ளே இருக்கும் மரைகள் அப்பள்ளங்களில் ஊர்ந்து தண்டைச் சுழற்றுகின்றன. எந்த மரை இயங்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ராட்செட்டின் பூட்டுப் பற்கள். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானுக்கு மூன்று நிலைகள்: ஒரு முனையில் திருகாணியை முடுக்கும், மறுமுனையில் கழற்றும், நடுவில் நிறுத்தினால் சாதாரணத் திருப்புளியாக வேலை செய்யும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் இக்கருவி செம்மை பெற்றது. சக்கரி ஃபர்பிஷ் என்பவரின் காப்புரிமைகளைக் கொண்டு பிலடெல்பியாவின் நார்த் பிரதர்ஸ் நிறுவனம் 'யாங்கி' திருப்புளிகளை உற்பத்தி செய்தது. 1946இல் அந்நிறுவனத்தை ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இங்கிலாந்திலும் ஸ்டான்லியின் பெயரில் இவை தயாராயின. பின்னர் மின்கலக் கருவிகள் மலிந்தபோது இவற்றுக்கான தேவை சுருங்கியது.

அடையாளம் காண்பது எப்படி?

சாலையோரச் சந்தையிலோ, பழைய இரும்புக் கடையிலோ, ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரின் பெட்டியிலோ இப்படி ஒன்று அகப்பட்டால், முதலில் உலோகக் குழாயின் மீதுள்ள எழுத்துகளைப் படிக்க வேண்டும். நார்த் பிரதர்ஸ், பிலடெல்பியா என்று மட்டும் பொறிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1946க்கு முற்பட்டது. ஸ்டான்லியின் பெயரும் இருந்தால் அதற்குப் பிற்பட்டது. காப்புரிமைத் தேதியைக் கருவி தயாரான ஆண்டு என்று எண்ணிவிடக் கூடாது. காப்புரிமை பெற்றுப் பல ஆண்டுகள் கழித்துத் தயாரான கருவியிலும் அதே தேதி இருக்கும்.

மாதிரி எண்ணும் முக்கியம். 35, 135 ஆகியவை சிறியவை. 30, 130 நடுத்தரமானவை. 31, 131 பெரியவை. இவற்றில் 135, 130, 131 ஆகிய மூவிலக்க எண் கொண்டவற்றின் கைப்பிடிக்குள் ஸ்பிரிங் உண்டு. அமுக்கிவிட்டுக் கையைத் தளர்த்தினால் கைப்பிடி தானே பழைய நிலைக்குத் திரும்பும். ஈரிலக்க எண் கொண்டவற்றைக் கையால் இழுத்துத்தான் நீட்ட வேண்டும்.

வாங்குமுன் மூன்றைச் சோதிப்பது நலம். தண்டு வளைந்திருக்கிறதா? பள்ளங்களின் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கிறதா? பொத்தான் மூன்று நிலைகளிலும் உறுதியாக நிற்கிறதா? மேற்பரப்பின் துருவும் கைப்பிடியின் அழுக்கும் பொருட்டல்ல. ஆனால் வளைந்த தண்டையும் தேய்ந்த பள்ளத்தையும் வீட்டில் சரிசெய்ய இயலாது.

சீராக்கும் முறை

முதல் எச்சரிக்கை ஸ்பிரிங் பற்றியது. மடக்கிப் பூட்டப்பட்ட நிலையில் தண்டு முழு விசையுடன் உள்ளே அடங்கியிருக்கும். பூட்டு வளையத்தைத் திருப்பினால் அது அம்பு போல வெளியே பாயும். ஆகவே முகத்துக்கு நேராகவோ, அருகில் நிற்பவரை நோக்கியோ பிடித்துக்கொண்டு பூட்டைத் திறக்கக் கூடாது. தண்டு முழுவதும் வெளியே நீண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

பெரும்பாலான கருவிகளில் கோளாறு என்று சொல்லப்படுவது, உலர்ந்து பிசினாகிப்போன பழைய எண்ணெய்தான். பூட்டுப் பற்கள் அதில் ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கின்றன. முன்பு மண்ணெண்ணெயில் ஊறவைப்பது வழக்கம். 2014இல் மண்ணெண்ணெய் இல்லாத நகரமாக அறிவிக்கப்பட்ட தில்லியில், பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் அவ்வேலையைச் செய்யும். தண்டை நீட்டியும் சுருக்கியும் பொத்தானை நகர்த்தியும் சில முறை கழுவினால் கரிய அழுக்கு வடியும். தண்டின் துருவை மெல்லிய இரும்பு நாரால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து எடுக்கலாம். அரமோ சாணைக் கல்லோ படக் கூடாது. பள்ளத்தின் கூரான விளிம்புதான் கருவியின் உயிர். நன்கு உலர்ந்தபின் தையல் இயந்திரத்துக்கு இடும் மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும். கிரீஸ் தடவினால் தூசியைச் சேர்த்து மீண்டும் பற்களை முடக்கிவிடும். மரக் கைப்பிடியைத் துடைத்து ஆளிவிதை எண்ணெய் பூசினால் பழைய நிறம் திரும்பும்.

அடுத்த சிக்கல் அலகு. இத்திருப்புளிகளின் அலகுகள் தனி அளவும் தனி வெட்டும் கொண்டவை. 130ஆம் எண்ணுக்குரிய அலகின் தண்டு ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர் தடிமன் உடையது. இன்று கடைகளில் கிடைக்கும் அறுகோண அலகு 6.35 மில்லிமீட்டர். அதை நேரடியாகச் செருகினால் ஆடும். இரண்டையும் பொருத்தும் இணைப்பான் கிடைத்தால், இன்றைய நட்சத்திரத் தலைத் திருகாணிகளுக்கும் பழைய கருவியே போதும்.

கையாளும் பக்குவம்

திருகாணியின் தலையிலுள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அலகையே பயன்படுத்த வேண்டும். மரத்தில் முன்துளை இட்டுக்கொள்வது அவசியம். கருவியைத் திருகாணிக்கு நேராக நிறுத்தி, ஒரு கையால் அலகின் அருகே பிடித்து, மறுகையால் சீராக அமுக்க வேண்டும். ஆத்திரப்பட்டு அமுக்கினால் அலகு வழுக்கி மரத்தைக் கீறிவிடும். கடைசிச் சுற்றைப் பொத்தானை நடுநிலையில் வைத்துக் கையாலேயே முடுக்குவது நல்லது. தண்டு முழுவதும் உலோகம். காப்பு உறை கிடையாது. ஆகவே மின்சாரப் பலகைகளின் அருகே இக்கருவிக்கு இடமில்லை.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான திருகாணிகளை முடுக்க வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளியிடம் மின்கலக் கருவியை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள் என்று எவரும் சொல்ல இயலாது. அவருடைய தோளையும் மணிக்கட்டையும் காப்பது புதிய கருவியே. கேள்வி வேறு. மின்கலம் செயலிழந்தால், அதே அளவில் புதிய மின்கலம் கிடைக்காவிட்டால், அக்கருவி என்னவாகும்? அதைத் திறந்து பார்க்கவும் உதிரிபாகம் வாங்கவும் அவருக்கு வழி உண்டா?

திட்டங்களில் விடுபட்டது

இங்கேதான் தலைநகரின் கொள்கைகளைப் பார்க்க வேண்டியுள்ளது. 2023 செப்டம்பர் 17 அன்று தில்லியில் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 13,000 கோடி ரூபாய். தச்சர், கொல்லர், பூட்டுத் தொழிலாளர் உள்ளிட்ட 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் ஊக்கத்தொகையை அது அறிவித்தது. குடும்பத் தொழில் என்ற அடிப்படையை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, அத்திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு எழுதியது. 25 தொழில்களை உள்ளடக்கி, சாதி வேறுபாடற்றது என்ற அறிவிப்புடன் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. தந்தையின் தொழிலை மகன் தலையில் கட்டுவதா என்ற வாதம் நியாயமானது; அது நடந்தே ஆக வேண்டிய வாதம். ஆனால் வாங்கித் தரும் கருவி எத்தனை ஆண்டு உழைக்கும், பழுதானால் யார் சீராக்குவார் என்ற கேள்வி அந்த வாதத்தில் முன்னுக்கு வரவில்லை.

மறுபுறம், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்க முடியும் என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீடு பற்றிய குழுவும் 2025இல் அறிக்கை அளித்தது. அது கைப்பேசி, மின்னணுச் சாதனங்களை மையமாகக் கொண்டது. பண்ணை உழவரின் கருவிக்குக் கிடைத்த கவனம், பட்டறைத் தொழிலாளியின் கருவிக்குக் கிடைக்கவில்லை.

அரசுப் பணத்தில் வாங்கப்படும் கருவிகளுக்கேனும் இக்குறியீட்டைக் கட்டாயமாக்கலாம். உதிரிபாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் எழுதித் தர வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். பயிற்சி நாட்களில் ஒன்றைக் கருவியைப் பிரித்துச் சீராக்கும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை.

கிட்வாய் நகரின் பழைய கதவுகள் போய்விட்டன. புதிய அடுக்ககங்களிலும் கீல்கள் தளரத்தான் செய்யும். அவற்றை முடுக்க ஒரு தொழிலாளி வரத்தான் வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு முன் தயாரான ஒரு திருப்புளி, சிறிது டர்பன்டைனும் நான்கு துளி எண்ணெயும் பெற்றால் இன்றும் அவ்வேலையைச் செய்யும். இன்று நாம் அவருக்கு வழங்கும் கருவி ஐந்து ஆண்டுகள் கழித்தும் வேலை செய்யுமா என்பதைக் கேட்கும் பொறுப்பு, அதை வழங்கும் அரசுகளுக்கு உண்டு.