ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள்...

"மாமா, துப்பாக்கியை நீங்க தொடவே வேண்டாம். கணக்கு மட்டும் பார்த்துக் கொடுத்தா போதும்" என்றான் மச்சினன்.

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எங்கே போனாலும் இதுதான் கதி. கல்யாண வீட்டில் மொய் நோட்டு, அமெரிக்காவில் வேட்டைக்கு பட்ஜெட்!

போன செப்டம்பரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊர் ரீனோ, மாநிலம் நெவாடா. நெவாடா என்றதும் சீட்டுக்கட்டு ஞாபகம் வந்து கண்ணடிக்காதீர்கள். இது வடக்குப் பக்கம். 'உயர் பாலைவனம்' என்கிறார்கள். மணல்மேடு, ஒட்டகம் எதுவும் கிடையாது. சமவெளியே நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரம். ஏறக்குறைய நம் ஏற்காடு. மழையை மட்டும் கழித்துக் கொள்ளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறப் புதர், நடுநடுவே மொட்டை மலைத்தொடர்கள். மாநிலத்தில் சுமார் 80 சதவிகிதம் மத்திய அரசு நிலம். பெரும்பகுதியில் யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம்.

மச்சினனுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. 71 வயது. லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். அக்டோபர் பிறந்தால் நாயும் துப்பாக்கியுமாக மலைக்குக் கிளம்பி விடுவார். அவருக்குத்தான் பிளான் போட உட்கார்ந்தோம்.

"என்ன வேட்டை? மானா, கரடியா?" என்றேன்.

"மானுக்கு விண்ணப்பம் போட்டுக் குலுக்கலில் பேர் வரணும். எனக்கு வரலை. நான் போறது சக்கர் பறவைக்கு. உங்க ஊர்க்காரன்தான்!"

விசாரித்தால் நிஜம். சக்கர் என்பது கௌதாரி இனம். ஹிந்தியில் சகோர். நிலா வெளிச்சத்தைக் குடித்து உயிர் வாழ்வதாகப் புலவர்கள் அளந்தார்களே, அந்த சகோரம் இதுதான் என்பார்கள். 1893-ல் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியிலிருந்து சில ஜோடிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. பிற்பாடு நெவாடாவிலும் கொண்டுபோய் விட்டார்கள். பாறையும் வறட்சியும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி, பல்கிப் பெருகிவிட்டது. நெவாடாவில் இதைச் சுட முதல் அனுமதி கொடுத்த வருஷம் 1947. நமக்கு சுதந்திரம் கிடைத்த வருஷம் அதற்குப் போய்விட்டது, பாவம்!

துரத்தினால் இது மலைமேல் ஏறி ஓடும். நாம் மூச்சு வாங்க உச்சிக்குப் போனதும் 'விர்'ரென்று கீழே பறந்துவிடும். "முதல் தடவை ஜாலிக்காகப் போவோம், அப்புறமெல்லாம் பழிவாங்கத்தான்" என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. ஒருநாளைக்கு ஆறு பறவைக்கு மேல் சுடக் கூடாது. ஆறு கிடைத்துவிட்டால் அன்று தீபாவளி.

நம்மூரில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே ஜெயில். "இவங்க மட்டும் இப்படி சுட்டுத் தள்ளலாமா?" என்று மச்சினனிடம் பொருமினேன். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1937-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. சுடுகிறவன் காசில்தான் பாதுகாப்பு! டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகிறதா என்பதை உங்கள் மனசாட்சிக்கே விடுகிறேன்.

பிளானுக்கு வருவோம். நான் தோட்டா கணக்கில் ஆரம்பித்தேன். தாத்தா தலையாட்டினார். "முதல்ல தண்ணி எழுது."

ஆளுக்கு ஒருநாளைக்கு நாலு லிட்டர், நாய்க்குத் தனி. ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு. மலைப்பாதைக் கல் டயரைக் கத்தி மாதிரி கிழிக்கும். கடைசி டவுனில் பெட்ரோல் டாங்க் வழிய வழிய. மண்வெட்டி. பகலில் சட்டை போதும், ராத்திரி தண்ணீர் உறையும், அதனால் கம்பளி. நாயின் காதிலும் பாதத்திலும் புல்முள் ஏறும். பிடுங்க ஒரு இடுக்கி. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் ஏராளம். இருட்டில் நடக்கக் கூடாது.

பட்டியல் இரண்டு பக்கம் ஓடியது. வேட்டைக்கென்று இருந்தது நாலே வரி. மீதியெல்லாம் திரும்பி வருவதற்கு!

"கடைசி வரி நான் சொல்றேன்" என்று பாட்டி வந்து உட்கார்ந்தார். "போகிற இடம்."

தாத்தா முகம் மாறியது. சக்கர் வேட்டைக்காரன் தன் மலையின் பெயரைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டானாம். சொன்னால் அடுத்த வாரம் அங்கே நாலு வண்டி நிற்கும். அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான் சொல்லாமல் போனார். காய்ந்த ஏரியில் வண்டியை நிறுத்தித் தூங்க, ராத்திரி மழை. அங்கே மழை பெய்தால் தரை பசை. அச்சு வரை புதைந்துவிட்டது. போனில் சிக்னல் இல்லை. இரண்டு ராத்திரி நாயைக் கட்டிக்கொண்டு குளிரில் கிடந்திருக்கிறார். தற்செயலாக இன்னொரு வேட்டைக்காரர் வந்ததால் பிழைத்தார்.

"43 வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். ஷெரிஃப் ஆபீஸில் 'எந்த மலை?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை" என்றார் பாட்டி. குரல் உயரவேயில்லை.

மகன் இந்தத் தடவை செயற்கைக்கோள் கருவி வாங்கித் தந்திருந்தான். "பாட்டரி தீர்ந்தா அதுவும் கல்லுதான்" என்று பாட்டி பேப்பரைத் தள்ளினார்.

தாத்தா ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, பரீட்சையில் காப்பியடிக்க விடாத பையன் மாதிரி, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். 'ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் போன் வராவிட்டால் ஷெரிஃபைக் கூப்பிடு' என்றும் சேர்த்தார். பாட்டி மடித்து, ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அந்த மலை பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் கிளம்புமுன்பே நான் சென்னை திரும்பிவிட்டேன். அவர்களுடைய ஞாயிறு ராத்திரி எட்டு, நமக்குத் திங்கள் காலை எட்டரை. பாங்க்குக்குக் கிளம்பியவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டே காலுக்கு மச்சினன் செய்தி: 'தாத்தா வந்தாச்சு. மூணு பறவை.'

மொத்தச் செலவை மூன்றால் வகுத்தேன். ஒரு பறவை விலைக்கு நம்மூரில் கோழிக்கடையே வைக்கலாம்!

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

பத்து வருஷமாக "இதோ, வெளியே" என்றுதான் பதில். அன்று நின்றேன். ஒரு காகிதத்தில் 'பாங்க், பிறகு மாம்பலம், ஒரு மணிக்குள் வீடு' என்று எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

படித்துப் பார்த்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'வரும்போது கறிவேப்பிலை.'