உகந்துடைமையும் உதவித்தொகையும்: குமரி மாவட்டத்தில் மகப்பேற்று நிதியுதவி

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி நிலவிய காலத்தில் ஓர் ஆண்மகனின் சொத்து அவனுடைய சகோதரியின் மக்களைச் சென்று சேர்ந்தது. அவனுடைய மனைவிக்கும் மக்களுக்கும் நங்குடைமை, உகந்துடைமை என்னும் பெயர்களில் ஒரு சிறு ஒதுக்கீடே கிடைத்தது. உகந்துடைமை என்னும் சொல்லின் முதற்பகுதி விருப்பத்தைக் குறிப்பது. கொடுப்பவரின் மனம் உவந்தால் கிடைப்பது என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. இம்முறையால் மனைவி மக்கள் உற்ற அவலத்தைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியத்தில் நகையாடிக் காட்டினார். திருவிதாங்கூர் அரசின் 1926ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை முடித்து வைத்தது. மனைவியும் மக்களும் பெறுவது கொடையா, உரிமையா என்னும் வினா மட்டும் வேறு வடிவில் தொடர்கிறது. இன்று அவ்வினா எழுவது குடும்பத்தாரிடம் அன்று, அரசிடம்.

தமிழ்நாட்டில் ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குப் பணமாக உதவி வழங்கும் திட்டம் 1987இல் தொடங்கியது. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர்ச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகவும் விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் 300 ரூபாயாக இருந்த தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இந்த 18,000 ரூபாயில் பணமாகக் கிடைப்பது 14,000 ரூபாயே. எஞ்சிய 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பாகும். சத்துமாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து, நெய் முதலியவை அப்பெட்டகத்தில் இடம்பெறும். முதற்பேறாயின், மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத் தொகையும் இதனுள் அடங்கும்.

பெருங்குறையாகச் சொல்லப்பட்டு வந்தது தவணைமுறை. 2018இன் ஏற்பாட்டில் பணம் ஐந்து தவணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கருவுற்ற பன்னிரண்டு வாரத்திற்குள் பதிவு, அடுத்தடுத்த பரிசோதனைகள், அரசு மருத்துவமனையில் பேறு, குழந்தையின் தடுப்பூசிகள் என ஒவ்வொரு தவணையும் ஒரு செயலோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2024இல் ஐந்து தவணைகள் மூன்றாகச் சுருங்கின. நான்காம் மாதத்தில் 6,000, பேற்றுக்குப் பின் நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000 ரூபாய் என்பது புதிய வரிசை. எழுத்துவேலை குறைந்தது உண்மை. எனினும் செலவு மிகும் பேற்றுக்காலத்தில் இவ்வரிசைப்படி தவணை எதுவும் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

தொகையின் அளவைக் கூலியோடு ஒப்பிட்டால்தான் அதன் மெய்ம்மதிப்பு விளங்கும். குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில், முந்திரி ஆலைகளைப் பெண்கள் 'அண்டியாபீசு' என்றே அழைப்பர். அண்டி உடைத்தல், தோலுரித்தல், தரம்பிரித்தல் ஆகிய வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைப் பொசுக்கும். குந்தியிருந்தே நாள் முழுதும் வேலை செய்ய வேண்டும். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தில் (ஈ.எஸ்.ஐ.) பதிவுபெற்ற ஆலையில் பணிபுரியும் பெண், அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாட்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், 26 வாரங்களுக்கு ஊதியத்திற்கு ஈடான மகப்பேற்றுப் பயனைப் பெறுவாள். அதே அண்டியைத் தன் வீட்டுத் திண்ணையில் உடைக்கும் பெண்ணுக்கு அப்பயன் இல்லை. அவளுக்கு உரியது மேற்கூறிய 14,000 ரூபாயே. அதனை 26 வாரத்திற்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 77 ரூபாய் ஆகும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் வரையறுக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அக்கணக்கில் இத்தொகை 44 நாள் கூலிக்குச் சமம். பேற்றுக்கு முன்னும் பின்னும் உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வளிப்பதே இத்திட்டத்தின் நோக்கமெனின், ஒன்றரை மாதத்திற்கே அந்நோக்கம் நிறைவேறும். கடவத்தில் மீன் சுமந்து விற்கும் கடற்கரைப் பெண்டிர்க்கும், ரப்பர்த் தோட்டத்தில் தினக்கூலிக்குச் செல்வோர்க்கும் இதே கணக்குத்தான்.

இம்மாவட்டத்திற்கே உரிய சிக்கல் ஒன்று எல்லையால் எழுவது. முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். விளவங்கோட்டுக் குடும்பங்கள் நெய்யாற்றின்கரைப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் 1956 நவம்பர் 1க்கு முன்பு ஒரே ஆட்சிக்குள் நிகழ்ந்த உறவுகள். அந்நாளில் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தபின் அதே உறவுகள் மாநில எல்லையைக் கடக்கின்றன. கணவன் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து எண் பெற்ற பெண், ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் எல்லைக்கு அப்பால் தாய்வீடு சென்றால் வேறு மாநிலத்தின் பதிவேட்டுக்குள் நுழைகிறாள். பரிசோதனை ஓரிடத்தில், பேறு மற்றோரிடத்தில், தடுப்பூசி மீண்டும் முதலிடத்தில் என அவளுடைய ஆவணங்கள் சிதறுகின்றன. பெண் ஓரிடத்திலேயே இருப்பாள் என்று கருதி வகுத்த நெறிக்கும், பேற்றின்போது இடம்பெயர்வதே முறை என்று கொண்ட பண்பாட்டுக்கும் இடையிலான முரண் இது.

மற்றொன்று மருத்துவமனைத் தேர்வு. நெய்யூரில் 1838இல் மருத்துவத் திருப்பணி தொடங்கிய நாள்முதல் மிஷன் மருத்துவமனைகளில் நம்பிக்கை வேரூன்றிய மாவட்டம் இது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பிற அரசு மருத்துவமனைகளும் அருகிலிருந்தும், கடன்பட்டேனும் தனியார் மருத்துவமனையை நாடும் குடும்பங்கள் உள்ளன. அரசு மருத்துவமனையில் பேறு என்னும் நிபந்தனை பொதுமருத்துவத்தை வலுப்படுத்தும் நோக்குடையது. அதனைக் குறைகூற இடமில்லை. ஆயினும் இடர்மிகுந்த வேளையில் அருகிலிருக்கும் மருத்துவமனைக்கு விரைந்தவள் அதன் பொருட்டே தொகையை இழக்கலாமா என்பது தனி வினா.

தகுதி வரையறைகள் இவற்றினும் கடுமையானவை. 19 வயது நிறைந்திருத்தல் வேண்டும். முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே தொகை உண்டு. இளமணத்தையும் மிகுபேற்றையும் தடுப்பதற்கு வகுத்தவை என்று இவற்றுக்குக் காரணம் கூறப்படும். ஆனால் பதினெட்டில் கருவுற்றவளுக்கும் மூன்றாம் முறை கருவுற்றவளுக்கும் உணவும் ஓய்வும் பிறரினும் மிகுதியாகவே வேண்டும். பேச்சிப்பாறை அணையின் மறுகரையில், படகேறிச் சென்றால்தான் அடையக்கூடிய காணிக்காரர் குடியிருப்புகளில் பன்னிரண்டு வாரத்திற்குள் பதிவு என்பதே அரிய செயல்.

2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்றுப் பயனுக்கு உரியவள் என்கிறது. அரசுப் பணியிலிருப்போரும் வேறு சட்டங்களின்கீழ் அப்பயன் பெறுவோரும் மட்டுமே விலக்கு. அச்சட்டத்தை நிறைவேற்ற 2017இல் நடைமுறைக்கு வந்த மாத்ரு வந்தனா திட்டமோ முதற்குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று சுருக்கிக்கொண்டது; 2022க்குப் பின் இரண்டாம் குழந்தை பெண்ணாயின் 6,000 ரூபாய் சேர்ந்தது. சட்டம் 'உரியவள்' என்று சொல்லும் இடத்தில் திட்டம் 'தகுதியுடையவள்' என்கிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவியர்க்கு மாதந்தோறும் வழங்கப்படும் 1,000 ரூபாய்க்கு 'மகளிர் உரிமைத்தொகை' என்று பெயர் அமைந்தது. மகப்பேற்றுக்கு வழங்கப்படுவது இன்றும் 'நிதியுதவி' என்றே அரசாணைகளில் வழங்குகிறது.