அன்னோன் பிளெஷர்ஸ்

அன்னோன் பிளெஷர்ஸ் (பொருள்: அறியா இன்பங்கள்) என்பது இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு ஆகும். இது 1979 ஜூன் மாதம் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பெரிய இசைநிறுவனங்களைச் சாராது வெளிவந்த ராக் இசை பின்னாளில் இண்டி எனப் பெயர் பெற்றது. அதன் இருண்ட, துயரம் தோய்ந்த கிளைக்கு இத்தொகுப்பு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

இயன் கர்ட்டிஸ் (குரல்), பெர்னார்ட் சம்னர் (கிதார்), பீட்டர் ஹூக் (பேஸ் கிதார்), ஸ்டீபன் மாரிஸ் (டிரம்ஸ்) ஆகியோர் இக்குழுவின் உறுப்பினர்கள்.

ஒலிப்பதிவு

1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட் நகரிலுள்ள ஸ்ட்ராபெர்ரி ஒலிப்பதிவுக்கூடத்தில் இதன் 10 பாடல்களும் பதிவு செய்யப்பட்டன. மேடையில் இக்குழு உரத்தும் ஆவேசமாகவும் வாசிப்பது வழக்கம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அந்த ஆவேசத்தைக் குறைத்து, கருவிகளுக்கிடையே வெற்றிடத்தை உண்டாக்கினார். டிரம்ஸ் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துப் பதிந்து, எண்ணிமத் தாமதக் கருவியால் அவற்றுக்கு எதிரொலி சேர்த்தார். ஆளில்லாத பெரிய கட்டடமொன்றில் இசை ஒலிப்பது போன்ற உணர்வு இதனாலேயே ஏற்படுகிறது. இறுதிப் பாடலில் கண்ணாடி நொறுங்கும் ஓசையும் கேட்கும். வழக்கமாகத் தாளத்துக்குத் துணைநிற்கும் பேஸ் கிதார் இங்கே உயர்சுருதியில் மெட்டையே ஏந்திச் செல்கிறது. சம்னருக்கும் ஹூக்குக்கும் இந்த ஒலியமைப்பு முதலில் பிடிக்கவில்லை. ஆயினும் தொகுப்பின் புகழுக்கு அதுவே முதற்காரணம் எனலாம்.

பாடற்பொருள்

பாடல்வரிகளை எழுதிய கர்ட்டிஸ், வேலைவாய்ப்பு அலுவலகமொன்றில் பணியாற்றியவர். அங்கு வந்த, வலிப்புநோயுற்ற இளம்பெண் ஒருவர் பின்னர் இறந்துபோனார். ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல் என்ற பாடல் அவரைப் பற்றியதாகும். கர்ட்டிசுக்கும் அதே நோய் இருப்பது 1979 ஜனவரியில் உறுதிசெய்யப்பட்டது. எனவே பிறர் துயரைப் பாடிய அப்பாடலை, ஒலிப்பதிவின்போது அவர் தன் நோயையும் அறிந்தே பாடினார். நோயும் மனச்சோர்வும் முற்றிய நிலையில், 1980 மே 18 அன்று, தம் 23ஆம் வயதில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மறுநாள் குழு அமெரிக்கப் பயணம் புறப்படுவதாக இருந்தது. எஞ்சிய மூவரும் நியூ ஆர்டர் என்ற புதிய குழுவைத் தொடங்கினர்.

அட்டைப்படம்

பீட்டர் சாவில் வடிவமைத்த கருப்பு முன்னட்டையில் குழுவின் பெயரோ தொகுப்பின் பெயரோ இல்லை. வெண்கோடுகள் மட்டுமே உள்ளன. மலைத்தொடர் போலத் தோன்றும் இக்கோடுகள், 1967இல் கண்டறியப்பட்ட முதல் துடிவிண்மீனின் வானொலித் துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வரைபடமாகும். அந்த விண்மீன் ஏறத்தாழ 1.34 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் வெள்ளைத்தாளில் கருங்கோடுகளாக இருந்த படத்தைச் சாவில் நிறம் மாற்றிப் பயன்படுத்தினார். இப்பாடல்களைக் கேட்டிராத பலரும் இப்படம் பொறித்த சட்டைகளை அணிகின்றனர்.